தந்தையின் மடி

பெற்று வளர்க்கும் பொறுப்பைத் தாயிடத்தும், நற்பண்புடையவனாக்கும் பொறுப்பைத் தந்தையிடத்தும் வைத்துப் பேசுகிறது பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டொன்று. அப்பாட்டில் வரும் மகன் போர்க்களம் செல்லும் பருவத்தினன் என்பதை நாம் மறந்துவிட்டோம். மடியிலே கிடக்கும் மதலைக்கும் அதே பாகுபாட்டைப் பொருத்தி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை தகப்பனுக்கு அங்கு வேலை இல்லை என்று எண்ணிக்கொண்டோம். பால்மணம் மாறாப் பருவத்தில் தந்தை செய்யக்கூடியது யாது? இதுவே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

பாலூட்டுதல் தாய்க்கே உரியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறு உணவு வேண்டியதில்லை என்பது மருத்துவர் துணிபு. ஆயின், அந்த ஒன்றைத் தவிர்த்து நோக்கினால், குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், தோளிற் போட்டு உறங்கவைத்தல், பேச்சுக்கொடுத்தல் ஆகிய எதுவும் பெண்ணுடம்பைக் கேட்கும் வேலையன்று.

1951 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிய அறிக்கை, தாயின் அன்பு குழந்தையின் உளநலத்துக்கு இன்றியமையாதது என வலியுறுத்திற்று. தந்தையோ அதில் தாய்க்குப் பொருளும் ஆறுதலும் தருபவராகவே பெரிதும் காணப்பட்டார். 1964 இல் வெளிவந்த ஆய்வொன்று இக்கருத்தைச் சற்றே அசைத்தது. கிளாஸ்கோ நகரில் ஷாபர், எமர்சன் என்னும் இருவர் 60 குழந்தைகளை வீடுதேடிச் சென்று கவனித்தனர். எவர் பிரிந்து செல்லும்போது குழந்தை அழுகிறது என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா. பதினெட்டு மாதமாகும்போது நான்கில் மூன்று பங்குக் குழந்தைகள் தந்தையிடமும் பற்றுக்கொண்டிருந்தன. அதனினும் வியப்பானது மற்றொன்று: உணவூட்டி உடுத்துபவரிடமே குழந்தை மிகுதியாக ஒட்டும் என்பதில்லை. அழுதால் ஏன் என்று கேட்பவரிடம், சிரித்தால் சிரிப்பவரிடம் அது ஒட்டிக்கொள்கிறது.

இயற்கையும் தந்தையை ஒதுக்கிவைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் சேபுவில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வில், தந்தையரான ஆண்களிடம் தெஸ்தோஸ்தரோன் என்னும் சுரப்பு குறைந்தமையும், நாளொன்றுக்கு மூன்று மணிநேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பராமரித்தோரிடம் அது மேலும் குறைந்திருந்தமையும் தெரியவந்தன. இதைக் கேட்டு ஆடவர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை; அது நோயன்று.

நம் நாட்டில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1970களின் பிற்பகுதி தொடக்கம் பல்லாயிரம் தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குச் சென்றுள்ளனர். 2013 இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் அவ்வாறு செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. வெளிநாடு செல்லும் தந்தையிடம் அத்தகைய கேள்வி கேட்கப்படவில்லை. தாய் சென்ற வீட்டில் பிள்ளை பெரும்பாலும் அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ போய்ச் சேர்கிறது. தகப்பன் வீட்டில் இருக்கும்போதே இப்படி நேர்வது ஏன்? அன்பின்மையால் அன்று, குழந்தையை எப்படித் தூக்குவதென்று அவருக்கு ஒருவரும் பழக்கவில்லை.

பழக்கம் முதல் வாரங்களிலேயே தொடங்குதல் நன்று. வீட்டுக்கு வரும் மருத்துவமாது குழந்தையின் தலையைத் தாங்கி ஏந்தும் முறையைக் காட்டும்போது தகப்பனும் அருகில் நிற்கட்டும். குளிப்பாட்டும் வேலையையோ இரவில் உறங்கவைக்கும் வேலையையோ அவர் தமக்கென எடுத்துக்கொள்ளட்டும். முதற் சில நாள் குழந்தை அவர் கையில் அழக்கூடும். அழுதவுடன் தாயோ பாட்டியோ ஓடிவந்து பிள்ளையை வாங்கிவிடாமல் சற்றுப் பொறுக்க வேண்டும். பசியா, ஈரமா, உறக்கமா என்று பிரித்தறிய, தாய்க்குப் போலவே அவருக்கும் சில நாட்கள் வேண்டும்.