நர்சு வேலைக்குப் போகலாமா?

"நான் நர்சு ஆகப் போகிறேன்" என்கிறாள், பிளஸ்-2 முடித்த மகள்.

"ராத்திரி வேலையாச்சே!" என்று தயங்குகிறாள் தாய்.

"கடன் வாங்கிப் படிக்க வைத்தால் அடைக்க முடியுமா?" என்கிறார் தந்தை.

மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

கைவிளக்கு ஏந்திய காரிகை என்று புகழ்பெற்றவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். போரில் காயம்பட்டவர்களைக் கவனிக்க 1854-ம் ஆண்டு துருக்கிக்குப் போனார். அங்கே அவருக்குப் பெரும் வேலையாக இருந்தது எது தெரியுமா? ஆஸ்பத்திரியின் அழுக்கைப் போக்குவதுதான்!

இன்றும் நர்சு வேலை லேசானது அல்ல. நோயாளியின் மலம், சிறுநீரைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. சீழ்ப்புண்ணுக்கு மருந்து கட்ட வேண்டும். இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும். காலையில் சிரித்துப் பேசியவர் மாலையில் இறந்துபோவதும் உண்டு.

டிப்ளமோ படிப்பு 3 ஆண்டு. பி.எஸ்சி. 4 ஆண்டு. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

படித்தவுடன் எல்லோருக்கும் அரசு வேலை கிடைத்துவிடாது. சிறிய ஆஸ்பத்திரிகளில் தொடக்கச் சம்பளம் குறைவு. அந்தச் சம்பளத்தை வைத்தே கடன் கணக்குப் போட வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு நர்சு இருப்பார். அவரை மகள் போய்ப் பார்க்கட்டும். நல்லதையும் கெட்டதையும் கேட்கட்டும். அதன்பிறகும் "நான் நர்சுதான்" என்றால், பெற்றோர் தடுக்க வேண்டாம்!