வண்டுச் சத்தமும் மூச்சு மெசினும்

முதல் இரவு அந்த மெசினைப் போட்டுக்கொண்டு படுத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வண்டுதான். 2008, 2009இல் வன்னியில் இருந்தவர்களுக்கு எந்த வண்டு என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளில்லா வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் அது. ஒரே சுருதியில் இரைந்துகொண்டு மேலே சுற்றும். அது சுற்றினால் பின்னால் கிபிர் வரும், இல்லாவிட்டால் செல் வரும். இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கக் காதைப் பழக்கி வைத்திருந்தோம். நித்திரையிலும் காது மட்டும் விழித்திருக்கும். அந்தக் காதுக்குப் பக்கத்தில், தலைமாட்டில், இத்தனை வருடத்துக்குப் பிறகு இன்னொன்று இரைகிறது. இதைப் போட்டுக்கொண்டு எப்படி நித்திரை கொள்வது?

இந்த மெசின் ஏன் எனக்கு வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். இரவில் திடுக்கிட்டு எழும்புவது, யாரோ கழுத்தை நெரிப்பது போன்ற கனவு, விடிய எழும்பத் தலையிடி, பகலில் இருந்த இடத்திலேயே கண் சொருகுவது எல்லாம் எனக்குப் பல வருடங்களாக இருந்தன. எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதிவிட்டேன். எங்களில் பலர் அப்படித்தான் செய்கிறோம். ஒருநாள் பரந்தனுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் கண் அயர்ந்து கரைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகுதான் மனைவி தான் இவ்வளவு காலமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

“நீங்கள் குறட்டை விட்டால் எனக்குப் பிரச்சினை இல்லை. அது நிக்கேக்கைதான் பயமாக் கிடக்கு. எண்ணிக்கொண்டு கிடப்பன். சில நேரம் இருபது மட்டும் எண்ணியிருக்கிறன்.”

அவர் எண்ணியது என் மூச்சு நின்றிருந்த செக்கன்களை. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும்போது சிலருக்கு மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை ஒரு கணம் எழும்பிப் பாதையைத் திறக்கிறது. காலையில் அது எதுவும் நினைவிருக்காது. பத்துச் செக்கனோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கிடுகிறார்கள். பாதி அடைபட்டு மூச்சுக் குறைவதும் அந்தக் கணக்கில் சேரும். மணித்தியாலத்துக்கு 5க்கு மேல் போனால் நோய், 30ஐத் தாண்டினால் கடுமையானது. தலையிலும் நெஞ்சிலும் வயர்கள் ஒட்டி ஓரிரவு படுக்க வைத்துப் பார்த்தபோது எனக்கு 38 வந்தது. இப்படியே விட்டால் பிரஷர் ஏறும், இருதயத்துக்கும் கூடாது, பாரிசவாதத்துக்கும் இடமுண்டு என்றார் டொக்டர்.

மெசின் செய்வது சின்ன வேலைதான். முகமூடி வழியாக விடாமல் காற்றை ஊதி, அந்த அழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் கொலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் இதை முதலில் செய்து பார்த்தார். வக்யூம் கிளீனர் மோட்டாரைக் காற்றை ஊதுகிற பக்கமாகப் பாவித்தார் என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த முதல் நோயாளிகள் எப்படித்தான் படுத்தார்களோ! இன்றைய மெசின்களின் சத்தம் 25 முதல் 30 டெசிபெல் அளவுதான். இரகசியம் பேசுகிற குரலளவு.

ஆனால் எனக்குப் பிரச்சினை அளவில் இருக்கவில்லை. அதன் சாயலில் இருந்தது. காதுக்குப் பஞ்சு வைக்கச் சொன்னார்கள். காதை அடைத்துக்கொண்டு படுக்க எங்களில் எத்தனை பேரால் முடியும்? எனக்கு முடியவில்லை.

கிளினிக்கில் ஒரு தங்கச்சி சொன்ன யோசனைதான் உதவியது. “இரவில பழகாதேங்கோ ஐயா, பகலில பழகுங்கோ” என்றார். பின்னேரங்களில் விறாந்தையில் கதிரையைப் போட்டு, மெசினை இயக்கிவிட்டு, முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். வெளிச்சத்தில் கேட்டால் அது வேறு மாதிரி இருந்தது. ஒரே இரைச்சல் என்று நினைத்தது உண்மையில் மூன்று நான்கு சத்தம். மோட்டாரின் மெல்லிய முனகல் ஒன்று. முகமூடியில் இருக்கிற சிறிய துளைகளால் காற்று வெளியேறும் ‘ஸ்ஸ்’ இன்னொன்று. நாம் விடும் மூச்சு அவற்றின் வழியாகத்தான் போகிறது, அவற்றை ஒருபோதும் அடைக்கக்கூடாது. விசில் போலவோ பலூன் காற்றுப் போவது போலவோ கேட்டால் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை, பட்டியைச் சரிசெய்ய வேண்டும். கொளகொள என்றால் குழாய்க்குள் தண்ணீர். ஈரப்பதத்துக்கு ஊற்றும் தண்ணீர் குளிரில் குழாய்க்குள் திரும்ப ஊறுகிறது. மெசினைக் கட்டிலை விடத் தாழ வைத்து, குழாயைத் துணியால் சுற்றினால் நிற்கும்.

என்னுடையதை முதலில் தகர அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். அலுமாரியே சேர்ந்து இரைந்தது. பழைய சாரம் ஒன்றை நாலாக மடித்து, பதிந்த வாங்கில் விரித்து வைத்தபோது பாதிச் சத்தம் போய்விட்டது.

பிறகு முகமூடியைப் பத்து நிமிடம், அரை மணித்தியாலம் என்று போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தேன். முகத்தை மூடியதும் நெஞ்சு அடித்தது. மண் மூடிய பங்கருக்குள் இருந்து வந்தவனுக்கு அது பெரிய வேலை. அதனால் முகம் முழுவதும் மூடாத, மூக்கோடு நிற்கும் சிறியதாக மாற்றித் தந்தார்கள். தொடங்கும்போது குறைந்த அழுத்தத்தில் ஊதி, மெல்ல மெல்லக் கூட்டும் வசதியையும் போட்டுவிட்டார்கள். ஃபானும் ஓடியது. அதன் சத்தத்துக்குள் மெசின் கலந்து போனது. ஆறாவது கிழமையில்தான் ஒரு இரவு முழுக்கக் கழற்றாமல் படுத்தேன்.

கனவுகள் குறைந்தன, நிற்கவில்லை. மே மாதம் வந்தால் இப்போதும் வரும். ஆனால் கழுத்தை நெரிக்கும் அந்தக் கனவு பிறகு வரவில்லை. அமெரிக்காவில் போருக்குப் போய்வந்த படைவீரர்களிடம் நடந்த ஆய்வுகளிலும், இந்த மெசினை ஒழுங்காகப் பாவித்தவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள்.

விலை இலட்சக்கணக்கில். எனக்குத் தம்பி சுவிஸில் இருந்து உதவினான். வெளிநாட்டில் யாரோ பாவித்ததை அனுப்புவதாகச் சொன்னால் இரண்டு விடயத்தைப் பாருங்கள். காற்றழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு, டொக்டர் சொல்லும் அளவுக்கு அதை மாற்ற வேண்டும். அடுத்தது, சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சோடு போகக்கூடும் என்று 2021இல் ஒரு பெரிய நிறுவனம் தன் மெசின்களைத் திருப்பி அழைத்தது. மொடல் இலக்கத்தைக் கேட்டு, அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போன மாரியில் ஒரு சாமம் கரண்ட் போனது. மெசின் நின்றதும் விழித்துவிட்டேன். முகமூடியைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் காதைக் கொடுத்தேன். மழையும் தவளையும்தான்.

“கரண்ட் போட்டுது” என்றேன்.

“தெரியும். சத்தம் நிண்டோடனை முழிச்சிட்டன்” என்றார் மனைவி, இருட்டுக்குள் இருந்து. “வரும்வரைக்கும் நித்திரை கொள்ளாதேங்கோ.”

இரண்டு பேரும் எழும்பி விறாந்தையில் போய் இருந்தோம்.