சென்னை நடுங்கிய டிசம்பர் 11!

டிசம்பர் 11 என்றதும் பாரதியார் பிறந்தநாள் என்று சொல்லிவிடுவீர்கள். சென்னையின் வானிலை ஏட்டில் அந்தத் தேதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1895-ல், பாரதிக்கு 13 வயது நிறைந்த அதே நாளில், நுங்கம்பாக்கத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1905 ஜனவரி 29-ல் மறுபடியும் அதே 13.9. அதற்குக் கீழே நுங்கம்பாக்கம் இறங்கியதாகக் கணக்கில் இல்லை.

"இதெல்லாம் ஒரு குளிரா?" என்று எங்க ஆலத்தூர் நாட்டுக்காரங்க சிரிப்பாங்க. கொல்லிமலையில் மார்கழி விடியற்காலையில் அது சாதாரணம். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். நாங்கள் இருப்பது ஆயிரம் மீட்டர் உயரத்தில். சென்னையோ கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர். கடல் சீக்கிரம் ஆறாது, ராத்திரி முழுக்க ஊருக்குக் கணப்புச் சட்டி மாதிரி இருக்கும். அங்கே ஜனவரி மாதத்தில் கூட அதிகாலை வெப்பம் 21 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதிலிருந்து ஏழு டிகிரி இறங்குவது என்றால் பல விஷயங்கள் ஒரே ராத்திரியில் கூடி வரணும். மேகம் இருக்கக்கூடாது. மேகம் ஒரு கம்பளி, தரையின் சூட்டை வெளியே விடாது. காற்றில் ஈரம் குறைவாக இருக்கணும். கடல் காற்று வராமல், நிலப்பக்கத்திலிருந்து மெல்லிய வறண்ட காற்று வரணும்.

இரண்டு நாளும் எப்படி அச்சாக ஒரே எண் என்று யோசித்தீர்களா? அந்தக் காலத்தில் இங்கே ஃபாரன்ஹீட் அளவுதான். 57-லிருந்து 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். 13.9 வரும்!

இந்த ஏடு தொடங்கிய கதை சுவையானது. மழை, வெயில் பார்க்கிறதுக்காக ஆரம்பித்ததே அல்ல அது. கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் நட்சத்திரக் கணக்கு வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. கட்டியவர் மைக்கேல் டாப்பிங். அவருக்குப் பின் வந்த ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் வானிலைக் குறிப்பும் எழுத ஆரம்பித்தார். 1899-ல் நட்சத்திர வேலை கொடைக்கானலுக்குப் போய்விட்டது. வானிலை வேலை மட்டும் நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது. நட்சத்திரம் பார்க்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் அந்த வளாகத்தில் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் 11-க்கு முன்னும் பின்னும் பாருங்கள். 1901 டிசம்பர் 10-ல் நுங்கம்பாக்கத்தில் 261.6 மி.மீ. மழை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அடுத்தடுத்த மூன்று தேதிகளில் ஒன்று மழைக்கு, ஒன்று குளிருக்கு, ஒன்று காற்றுக்கு! "டிசம்பரில் சென்னை எப்படி இருக்கும்?" என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

டிசம்பர் மாதத்துக்கான 1901-ன் மழைச் சாதனை 114 வருஷம் நின்றது. 2015 டிசம்பர் 1-ல் பிடித்த மழை, 24 மணி நேரத்தில் 294 மி.மீ. கொட்டி அதை முறியடித்தது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. முந்தின நாள் காலை 8.30-லிருந்து பெய்தது எல்லாம் அளவெடுத்த தேதியில்தான் ஏறும். அதனால் நாம் டிசம்பர் 1 மழை என்று சொல்வது ஏட்டில் டிசம்பர் 2. இது தெரியாமல் இரண்டு ஏடுகளை ஒப்பிட்டால் ஒரே மழையை இரண்டு தடவை கணக்கில் எழுதிவிடுவோம்.

இன்னொன்று, நுங்கம்பாக்கத்தில் 294 மி.மீ. பெய்த அதே 24 மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் 345, தாம்பரத்தில் ஏறக்குறைய 490. ஊர் ஒன்றுதான், எண் மூன்று. எந்த நிலையம் என்று கேட்காமல் "சென்னை மழை" என்று பேசுவதில் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

294 மி.மீ. என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். பெருக்கினால் 65 ஆயிரம் லிட்டருக்கு மேல்! ஒரே ஒரு மனைக்கு இவ்வளவு. சாக்கடையின் அகலத்தைத் தீர்மானிக்கிறவர் கையில் இந்த எண் இருந்தாகணும்.

சிவில் நண்பர்களுக்குத் தெரிந்ததுதான், "50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை" என்று சொல்லி கல்வெர்ட்டுக்கு அளவு போடுகிறோம். அப்படியானால் 50 வருஷம் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறாங்க. உண்மையில் அது ஒவ்வொரு வருஷமும் 2 சதவீத வாய்ப்பு. 50 வருஷத்துக்குள் ஒரு தடவையாவது அந்த மழை வரும் வாய்ப்பு 64 சதவீதம்! அந்த 2 சதவீதத்தையே நம்பிக்கையாகச் சொல்ல நீண்ட ஏடு வேண்டும். பத்து வருஷக் குறிப்பை வைத்து 50 வருஷ மழையைச் சொல்வது ஏறக்குறைய ஜோசியம்தான்.

சென்னைக்கு அந்த நீண்ட ஏடு இருக்கிறது. மலைக்கு? காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பாதையில், மேகம் முட்டுகிற சரிவில் ஒரு மழை, அடுத்த சரிவில் வேறு மழை. சமவெளியின் எண்ணை வைத்து அங்கே குழாய் பதித்தால் தண்ணீர் குழாயை மீறி ரோட்டில் ஏறும், ஓரத்து மண்ணை அரிக்கும். "இப்படி மழை நான் பார்த்ததே இல்ல" என்று எங்க ஊர்ப் பெரியவங்க சொல்றதை நான் மதிக்கிறேன், ஆனால் அதை மில்லிமீட்டரில் மாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

ஆகவே ஒரு யோசனை. அடி தட்டையாய், பக்கம் நேராய் உள்ள ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு போதும். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, திறந்த வெளியில் டப்பாவை வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாய் எத்தனை அகலமானாலும் ஆழம்தான் மழை. இடத்தை மாற்றாதீர்கள். மழை இல்லாத நாளில் 0.0 என்று எழுதணும். காலியாக விட்டால், அன்று மழை இல்லையா, அளக்க ஆள் வரலையா என்பது பத்து வருஷம் கழித்து நோட்டைப் புரட்டுகிறவருக்குத் தெரியாது.