பொது நிதியிலான தொழிற் குழுமங்களின் மதிப்பீடு

பொது நிதியிலான தொழிற் குழுமங்களின் மதிப்பீடு என்பது, அரசுப் பணத்தின் துணையுடன் ஒரு வட்டாரத்தில் உருவாக்கப்பட்ட அல்லது வலுப்படுத்தப்பட்ட தொழிற் குழுமம், தொடங்கப்பட்ட நோக்கத்தை எட்டியதா என்பதை ஆராயும் முறை ஆகும். செலவிட்ட பணம், அதனால் விளைந்த பயன், அப்பணம் செலவிடப்படாதிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய நிலை, சுற்றுப்புற மக்கள் மீது விழுந்த சுமை ஆகிய நான்கும் இதில் கணக்கிடப்பட வேண்டியவை. முதலாவதை அளப்பது எளிது, மற்றவை கடினமானவை. இந்தியாவில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாக இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகியவற்றை உள்ளடக்கிய வட சென்னைத் தொழிற்பகுதியைக் கூறலாம்.

தொழிற் குழுமம்

ஒரே துறையை அல்லது தொடர்புடைய துறைகளைச் சார்ந்த நிறுவனங்களும், அவற்றுக்கு மூலப்பொருள் வழங்குவோரும், பயிற்சி நிலையங்களும், ஆய்வகங்களும் அருகருகே அமைந்து ஒன்றால் ஒன்று பயன்பெறும் அமைப்பே தொழிற் குழுமம் எனப்படுகிறது. ஒரே உரிமையாளரின் கீழுள்ள நிறுவனங்களின் தொகுதியையும் குழுமம் என்று அழைப்பதுண்டு. இக்கட்டுரையில் அப்பொருள் கொள்ளப்படவில்லை.

ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்சல் 1890இல் வெளியிட்ட நூலில், தொழில்கள் ஓரிடத்தில் திரள்வதால் கிடைக்கும் நன்மைகளை விளக்கினார். திறன் பெற்ற தொழிலாளர் எளிதில் கிடைத்தல், துணைத்தொழில்கள் வளர்தல், தொழில் அறிவு ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுதல் என்பன அவை. 1990இல் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் எழுதிய நூலுக்குப் பின்னர், குழுமங்களை வளர்ப்பது பல நாடுகளில் அரசுக் கொள்கையாகவே மாறியது.

இந்தியாவில் சிறுதொழில்களுக்காக 1998இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டம், 2003இல் சிறுதொழில் குழும மேம்பாட்டுத் திட்டமாக விரிவாக்கப்பட்டது. 2007 முதல் அது குறு, சிறு நிறுவனங்களின் குழும மேம்பாட்டுத் திட்டம் என்னும் பெயரில் நடைபெறுகிறது. தனி நிறுவனங்களால் வாங்க இயலாத இயந்திரங்களையும் சோதனைக் கருவிகளையும் கொண்ட பொது வசதி மையங்கள் இதன்கீழ் அமைக்கப்படுகின்றன. மையம் அமைக்கும் முன்னர், குழுமத்தின் அப்போதைய நிலையை ஆராய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும். பிற்கால மதிப்பீட்டுக்கு இவ்வறிக்கையே அடிப்படையாகிறது. அது சரியாகத் தயாரிக்கப்படாவிடின், பின்னர் ஏற்பட்ட மாற்றத்தை அளக்க வழியில்லாமல் போகும்.

வட சென்னைத் தொழிற்பகுதி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடருந்து 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகமும் இருப்புப்பாதையும் அருகில் இருந்தமையால் தொழிற்சாலைகள் கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கிப் பரவின. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது. அசோக் லேலண்ட் எண்ணூரிலும், என்ஃபீல்டு திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகளை நிறுவின. இவை எந்தக் குழுமத் திட்டத்தின் கீழும் உருவானவை அல்ல.

மணலியின் வரலாறு இதற்கு மாறானது. இந்திய அரசு, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம், அமெரிக்காவின் அமோக்கோ ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவப்பட்டது. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் கொள்ளளவுடன் 1969இல் செயல்படத் தொடங்கிய இச்சுத்திகரிப்பு ஆலை, பின்னர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேசன் எனப் பெயர் மாறியது. அதன் கொள்ளளவும் 105 இலட்சம் டன்னாக உயர்ந்தது. 1966இல் பதிவு செய்யப்பட்ட மெட்ராஸ் உர நிறுவனம் 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுத்திகரிப்பு ஆலையில் கிடைக்கும் புரொப்பிலீன் போன்ற பொருட்களை மூலப்பொருளாகக் கொண்டு மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் முதலிய ஆலைகள் அருகிலேயே வளர்ந்தன. ஓர் ஆலையின் விளைபொருள் மற்றோர் ஆலையின் மூலப்பொருளாவது தொழிற் குழுமத்தின் முதன்மையான இயல்பாகும். எண்ணூர் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. 2014 முதல் அது காமராசர் துறைமுகம் என அழைக்கப்படுகிறது.

நீர் வழங்கலில் மற்றொரு பகிர்வைக் காணலாம். கொடுங்கையூரில் சென்னைக் குடிநீர் வாரியம் 2019இல் திறந்த நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள நிலையம், கழிவுநீரை மூன்றாம் நிலை வரை தூய்மைப்படுத்தி மணலி, எண்ணூர் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அளிக்கிறது. இதனால் தொழிற்சாலைகளுக்காகும் நன்னீரின் அளவு குறைகிறது. பணத்தால் மட்டும் அளக்க இயலாத பொது நன்மைக்கு இது எடுத்துக்காட்டு.

மதிப்பீட்டுப் படிநிலைகள்

குழும மதிப்பீடுகள் பொதுவாக மூன்று படிகளில் அமைகின்றன.

1. இடுபொருள்: ஒதுக்கிய நிதி, கையகப்படுத்திய நிலம், வாங்கிய கருவிகள்.

2. வெளியீடு: அமைக்கப்பட்ட சாலைகள், ஒதுக்கப்பட்ட மனைகள், இயங்கும் பொது வசதி மையங்கள், பயிற்சி பெற்றோர்.

3. விளைவு: உற்பத்தித்திறன், ஊதியம், ஏற்றுமதி, புத்தாக்கம் ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றம்.

முதல் இரண்டு படிகளுக்கான தகவல்கள் அரசுக் கோப்புகளிலேயே உள்ளன. மூன்றாவதற்கு நிறுவனங்களிடம் பல ஆண்டுகள் தொடர்ச்சியாகத் தரவு திரட்ட வேண்டும். எனவே பல மதிப்பீடுகள் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகின்றன.

புத்தாக்கத்தை அளப்பதில் தனிச் சிக்கல் உண்டு. காப்புரிமைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்கே பொருந்தும். நெகிழி வார்ப்புச் செய்யும் சிறு பட்டறையில் புதிய அச்சு ஒன்றைச் செய்வதும், கழிவு வீதத்தைக் குறைப்பதும், மறுசுழற்சி செய்த பொருளைப் புதிய பயனுக்குக் கொண்டுவருவதும் புத்தாக்கமே ஆகும். இவை எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

ஒப்பீட்டு முறை

ஒரு குழுமத்தில் உற்பத்தி உயர்ந்தது என்பதால் மட்டும் அதற்கு அரசு உதவியே காரணம் என்று கொள்ள முடியாது. சந்தை வளர்ச்சியாலும் அது உயர்ந்திருக்கலாம். ஆகவே உதவி பெற்ற நிறுவனங்களை, உதவி பெறாத ஒத்த நிறுவனங்களுடன், திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவர். இது வேறுபாடுகளின் வேறுபாடு முறை எனப்படும்.

செருமனியின் பவேரியா மாநிலத்தில் 1999இல் தொடங்கிய திட்டத்தை இம்முறையில் ஆராய்ந்த ஃபால்க், கெப்லிச், கிப்பர் ஆகியோர் தம் முடிவுகளை 2010இல் வெளியிட்டனர். குறிவைக்கப்பட்ட துறைகளின் நிறுவனங்கள் புத்தாக்கம் செய்யும் வாய்ப்பு 4.6 முதல் 5.7 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை உயர்ந்ததாக அவர்கள் கண்டனர். மாறாக, பிரான்சின் வட்டார உற்பத்தி அமைப்புகள் திட்டத்தை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வு, உற்பத்தித்திறனில் குறிப்பிடத்தக்க உயர்வைக் காணவில்லை. நலிந்துவரும் பகுதிகளுக்கே அந்நிதி பெரிதும் சென்றது என்பதையும் அது சுட்டியது. இதிலிருந்து, நிதி பெறுவோர் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டனர் என்பதை அறியாமல் விளைவைக் கணக்கிடக்கூடாது என்பது தெரிகிறது.

இடமாற்றம் மற்றொரு சிக்கலாகும். எடுத்துக்காட்டாக, புதிய தொழிற்பூங்காவில் 100 நிறுவனங்கள் இயங்குவதாகவும், அவற்றில் 60 நிறுவனங்கள் மானியத்துக்காகப் பக்கத்து ஊரிலிருந்து இடம்பெயர்ந்தவை என்றும் கொள்வோம். பூங்காவின் கணக்கு 100 என்று காட்டும். வட்டாரத்துக்குப் புதிதாகக் கிடைத்தவை 40 மட்டுமே.

மதிப்பீட்டின் முடிவு அடுத்த நிதி ஒதுக்கீட்டைப் பாதிக்கும்போதே அதற்குப் பயன் உண்டாகிறது. பிரான்சு 2005 முதல் அமைத்த 71 போட்டித்திறன் மையங்கள் 2008இல் மதிப்பிடப்பட்டன. அவற்றுள் 39 நோக்கத்தை எட்டியவை, 19 ஓரளவு எட்டியவை, 13 மாற்றியமைக்கப்பட வேண்டியவை என வகைப்படுத்தப்பட்டன. 2010இல் 6 மையங்கள் தம் தகுதியை இழந்தன.

பொன்னேரி பாலிமர் பூங்கா

காமராசர் துறைமுகத்துக்கு அருகே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தின் வாயலூர், புழுதிவாக்கம் ஊர்களில் பாலிமர் தொழிற்பூங்கா அமைக்கப்பட்டது. மணலியில் தொடங்கிய வேதித்தொழில் தொடர்ச்சியை இறுதிப்பொருள் வரை கொண்டுசெல்வது இதன் நோக்கமாகும். டிட்கோ, சிப்காட் ஆகிய மாநில அரசு நிறுவனங்கள் இணைந்து இதற்கெனத் தனி நிறுவனத்தை ஏற்படுத்தின. மத்திய அரசின் நெகிழிப் பூங்காத் திட்டம், ஒரு பூங்காவின் திட்டச் செலவில் 50 விழுக்காடு வரை, 40 கோடி ரூபாய்க்கு மிகாமல் மானியம் வழங்குகிறது. ஏறத்தாழ 217 கோடி ரூபாய் மதிப்பிலான இப்பூங்காவுக்கு 40 கோடி ரூபாய் ஒப்புதல் பெற்றது.

சென்னை கிண்டியில் 1968இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியுடன் தொடங்கப்பட்ட சிப்பெட் நிறுவனம், நெகிழித் துறையில் பயிற்சியும் சோதனை வசதியும் அளிக்கிறது. பூங்காவின் சிறு நிறுவனங்கள் இத்தகைய நிறுவனத்தை எந்த அளவு பயன்படுத்துகின்றன என்பது, அது புத்தாக்கக் குழுமமாக வளர்கிறதா, வெறும் மனைத்தொகுதியாக நிற்கிறதா என்பதைக் காட்டும் சிறந்த அளவுகோலாக அமையும்.

சூழல் மாசுக் குறியீடு

தொழிற் குழுமங்கள் பலவற்றை ஒரே அளவுகோலால் அளந்த இந்திய முயற்சியாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒருங்கிணைந்த சூழல் மாசுக் குறியீடு உள்ளது. காற்று, நீர், நிலம் ஆகியவற்றின் நிலையைக் கொண்டு 100க்கு இத்தனை எனப் புள்ளி அளிக்கப்படுகிறது. 70க்கு மேற்பட்டவை கடுமையாக மாசடைந்த பகுதிகளாகும். 2009இல் அளக்கப்பட்ட 88 பகுதிகளுள் 43 இப்பிரிவில் அடங்கின. மணலி 76.32 புள்ளிகள் பெற்றது. 2010 தொடக்கத்தில் இத்தகைய பகுதிகளில் புதிய தொழில்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குவது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 2018இல் மணலியின் புள்ளி 84.15 ஆகும். இடையில் 2016இல் கணக்கிடும் முறை திருத்தப்பட்டதால் இரு எண்களையும் நேரடியாக ஒப்பிட இயலாது. எனினும் இரண்டுமே 70 என்னும் எல்லைக்கு மேற்பட்டவை.

கணக்கில் சேராத செலவு

கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் மீனும் நண்டும் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் பல. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் ஆழம் குறைந்தது. 2017 சனவரியில் காமராசர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் பரவியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், கழிமுகத்தையும் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது.

குழுமத்தின் உற்பத்திக் கணக்கில் இவ்விழப்புகள் செலவாகப் பதிவதில்லை. நெகிழிப் பூங்காத் திட்டம் வேதிப்பொருள், உரத்துறை அமைச்சகத்தைச் சார்ந்தது. சிறு நிறுவனங்களின் குழுமத் திட்டம் அத்துறை அமைச்சகத்தைச் சார்ந்தது. மாசுக் குறியீடு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழுள்ள வாரியத்துக்கு உரியது. ஆகவே ஒரே நிலப்பரப்பு, ஓர் அறிக்கையில் முதலீட்டுக்கு ஏற்ற இடமாகவும், மற்றோர் அறிக்கையில் கடுமையாக மாசடைந்த இடமாகவும் விளங்குகிறது.

இது வட சென்னைக்கு மட்டும் உரியதன்று. ஏற்றுமதியில் வெற்றி பெற்ற குழுமமாகக் கருதப்பட்ட திருப்பூரில், நொய்யல் ஆறு மாசடைந்ததைத் தொடர்ந்து, 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. மதிப்பீட்டில் விடுபட்ட செலவு பிற்காலத்தில் தொழிலையே நிறுத்தக்கூடும் என்பதற்கு அது சான்றாகும். பொது நிதியைப் பெறும் குழுமத்தின் மதிப்பீட்டில் ஆற்றின் நிலை, மீன்பிடி வருவாய், மக்கள் நலவாழ்வு ஆகியவையும் தொடக்கநிலை ஆய்விலிருந்தே அளக்கப்படுமாயின், பயனும் சுமையும் ஒரே அட்டவணையில் இடம்பெறும்.