செங்காந்தள் வளர்ப்போர் கவனத்திற்கு

கார்த்திகை மழையில் வேலியோரம் தீச்சுடர் போலப் பூத்து நிற்பது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரான இக்கொடியை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்போருக்கு நாங்கள் கூறும் விடை இது: வளர்க்கலாம், ஆனால் சிறு குழந்தைகளோ நினைவு தடுமாறும் முதியவர்களோ உள்ள வீட்டில் வேண்டாம்.

கலப்பை போல வளைந்திருப்பதால் இதன் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்பர். கண்வலிக் கிழங்கு என்பதும் இதுவே. ஆடி, ஆவணி மாதங்களில், நீர் தேங்காத மண்ணில், ஏறத்தாழ 10 செ.மீ. ஆழத்தில் கிழங்கைப் படுக்கையாக நட வேண்டும். முளை கிழங்கின் நுனியில் இருக்கிறது. அது ஒடிந்தால் கொடி எழாது. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்வதால் தடித்த கம்பம் பயன்படாது. மெல்லிய கம்பியோ முள்வேலியோ போதும். பச்சையாக விரியும் இதழ்கள் மஞ்சளாகி, பின்னர் சிவக்கும். காய் முற்றியபின் கொடி காய்ந்துவிடும். பட்டுப்போனதென்று பலர் தோண்டி எறிந்துவிடுகின்றனர். உண்மையில் கிழங்கு உறங்குகிறது. அப்போது நீர் ஊற்றினால் அழுகிவிடும்.

இச்செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் மிகுதி. கவுட் எனும் மூட்டுநோய்க்கு மருத்துவர் மில்லிகிராம் கணக்கில் அளந்து தரும் மருந்தும் இதுவே. வள்ளிக்கிழங்கு என்று எண்ணி இதனை அவித்து உண்டு உயிரிழந்தோர் உண்டு. அவிப்பதால் நஞ்சு நீங்குவதில்லை. ஆகவே சமையலுக்கான கிழங்குகளுக்கு அருகில் இதனை ஒருபோதும் வைக்கலாகாது. கையுறையுடன் கையாளுக, காய் வெடிக்குமுன் கொய்துவிடுக.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, கடும் வயிற்றுப்போக்கு தொடங்கும். பிறகு சற்று ஓய்ந்தது போலத் தோன்றலாம். இந்த ஓய்வை நம்பிக் காத்திருப்பதே பேராபத்து. அடுத்த சில நாட்களில்தான் இதயம், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை ஆகியவை பாதிக்கப்படுகின்றன. எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை. எனவே, சிறு துண்டைக் கடித்ததாக ஐயம் எழுந்தாலும், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். உண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, எஞ்சிய கிழங்கையோ கொடியின் ஒரு துண்டையோ உறையிலிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.