பாவற்காய்ச் சாறும் சீனிக் குளிசையும்

நீரிழிவு எனப்படும் சீனி வருத்தம் உள்ளவர்கள் பலர் காலையில் வெறுவயிற்றில் பாவற்காய்ச் சாறு குடிப்பதைக் காண்கின்றோம். வேலியோரம் காசில்லாமல் காய்க்கும் காயில் மருந்துண்டு என்ற நம்பிக்கை வீணானதல்ல. ஆயினும் ஆஸ்பத்திரியில் தந்த குளிசையும் இச்சாறும் உடலில் சேரும்போது என்ன நிகழ்கின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பாவற்காயில் இரத்தச் சீனியைக் குறைக்கக்கூடிய பொருட்கள் உள்ளன. 1986இல் எமது நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், சாறு குடித்த நீரிழிவு நோயாளரில் 73 சதவீதமானோருக்குப் பயன் தெரிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. 2012இல் வெளியான கொக்றேன் மதிப்பாய்வு, பாவற்காயை நீரிழிவுக்கு மருந்தாகச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றது. குளிசையில் மருந்தின் அளவு நிச்சயமானது. சாற்றின் வீரியமோ காய்க்குக் காய் மாறும். எனவே சாற்றை நம்பிக் குளிசையை நிறுத்துவது ஆபத்தானது.

இரண்டையும் சேர்த்து எடுப்பதிலும் ஆபத்து உண்டு. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், தொல்புற்றமைட் போன்ற குளிசைகள் சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. நாம் சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். அதன்மேல் சாறும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். இதே வகையைச் சேர்ந்த குளோர்புறோபமைட் எடுத்துவந்த ஒரு பெண் பாவற்காய்க் கறி உண்டபோது, மருந்தின் விளைவு கூடியதாக 1979இல் லான்செற் மருத்துவ இதழ் குறிப்பிட்டது. இன்சுலின் ஊசி போடுவோரும் அவதானமாக இருக்க வேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்துக் குறைவு.

இடம்பெயர்ந்து வாழும் எமக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காத நாட்கள் உண்டு. வெறுவயிற்றில் குளிசையும் சாறும் எடுத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகின்றவருக்கே ஆபத்து அதிகம்.

நடுக்கம், குளிர் வியர்வை, கடும் பசி, நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் என்பன சீனி இறங்குவதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் சோறோ பாணோ சாப்பிடச் செய்யுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து விரைவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். குளிசையின் வேகம் பல மணிநேரம் நீடிக்குமாதலால், தெளிந்தவரும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

நாம் செய்ய வேண்டியவை:

1. பாவற்காயை வழமைபோல் கறியாகச் சோற்றுடன் உண்ணலாம். சாறாகவோ தூளாகவோ தினமும் எடுப்பதாயின் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

2. குறிஞ்சா இலைச் சாறு குடிப்பவரும் அவ்வாறே செய்ய வேண்டும்.

3. கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் சாறு கொடுக்கலாகாது. பாவற்காய்க் கஷாயம் குடித்த பிள்ளைகளுக்கு வலிப்பும் மயக்கமும் ஏற்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன.

4. வீட்டில் எடுக்கும் மூலிகைகளைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்து, எங்கு இடம்பெயர்ந்தாலும் அக்கொப்பியை உடன் கொண்டு செல்ல வேண்டும்.

ஏசுவார்களோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம். நாம் சொன்னால்தான் வைத்தியர் குளிசையின் அளவைச் சரியாகத் தீர்மானிக்க முடியும்.