புரொஜக்டர், திரை, ஓடும் எழுத்துப் பலகை: விலைச்சீட்டில் வரும் சொற்களுக்குப் பொருள் என்ன?



புளி, பருப்பு, எண்ணெய் என்று எழுதி வரும் பத்திரிகையில் புரொஜக்டரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக் கூடும். காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கும், பிஸ்கட் 18-லிருந்து 5-க்கும் இறங்கின. இதை விளக்கிச் சொல்ல நம் பக்கத்து மண்டபம் ஒன்றில் கூட்டம் போட்டார்கள். பகல் பதினொரு மணி. ஜன்னல்கள் திறந்திருந்தன, டியூப்லைட்டும் எரிந்தது. வாடகைக்கு வந்த புரொஜக்டர் காட்டிய விகிதப் பட்டியல் திரையில் நீர்மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. முன்வரிசை இரண்டுக்கு ஏதோ தெரிந்தது. பின்னால் உட்கார்ந்த நமக்கெல்லாம் கோடும் கட்டமும் தான். எந்தச் சரக்கு எந்த விகிதம் என்று தெளியாமலே எழுந்து வந்தோம். மறுவாரம் பழைய விகிதத்தில் பில் போட்டு வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கிய சிறு கடைக்காரர்களும் உண்டு.

வாடகைக்காரரிடம் கேட்டதற்கு, “பத்தாயிரம் லூமென் மெஷின் ஐயா, இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். அந்த லூமென் என்ற சொல்லிலேயே தொடங்குவோம். எடை தெரியாமல் சரக்கு எடுக்காத நாம், அளவு தெரியாமல் வெளிச்சத்தை மட்டும் எதற்கு வாங்க வேண்டும்?

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு. ஒரு டின் எண்ணெய் லூமென் என்றால், அதைத் தரையில் கொட்டினால் எவ்வளவு கனமாக நிற்கிறது என்பது லக்ஸ். சிறிய இடத்தில் கொட்டினால் கனமாக நிற்கும். மண்டபம் முழுக்கப் பரப்பினால் பிசுபிசுப்பு மட்டுமே மிஞ்சும். கணக்காகவே பார்ப்போம். 8 அடி அகலம், 6 அடி உயரமுள்ள திரை 48 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 4.46 சதுர மீட்டர். உண்மையான 3000 லூமென் மெஷினை அதில் பாய்ச்சினால் சுமார் 670 லக்ஸ் கிடைக்கும். அதே மெஷினை 12 அடிக்கு 9 அடி திரையில் பாய்ச்சினால் 300 லக்ஸ் தான். திரையைப் பெரிதாக்கினால் படம் பெரிதாகும், வெளிச்சம் மெலியும்.

இப்போது ஜன்னலுக்கு வருவோம். வெளிச்சமான மண்டபத்தில் திரையின் மேல் வேறு வழியில் 300 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக் கொள்வோம். புரொஜக்டரால் கறுப்பை வீச முடியாது. கறுப்பு என்பது வெளிச்சம் போடாமல் விட்ட இடம், அவ்வளவு தான். ஆகவே அந்தத் திரையில் கறுப்பு எழுத்தின் இடத்தில் 300, வெள்ளைத் தாளின் இடத்தில் 300-உம் 300-உம் சேர்ந்து 600. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் வெறும் இரண்டு மடங்கு. அறுபது வயதுக் கண்ணுக்கு இது போதவே போதாது. கூடுதல் லூமென் மெஷினைத் தேடுமுன் திரைக்கு மேலுள்ள டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலுக்குக் கனத்த துணி கட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்குச் செலவும் இல்லை.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? விளக்கின் முனையில் அளப்பது ஒன்று, கண்ணாடி, லென்ஸ் எல்லாம் தாண்டித் திரையில் வந்து சேர்ந்ததை அளப்பது வேறொன்று. மூட்டையோடு நிறுத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. நிகர எடைக்கு நிகரானது ஆன்சி லூமென். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1992-ல் வகுத்த முறை அது. வெள்ளைத் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் லக்ஸ் அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்குவார்கள். இப்போது ஐ.எஸ்.ஓ. 21118 என்ற தரத்தின்படி எண்ணைக் குறிக்கிறார்கள். பெட்டியில் இவ்விரண்டில் ஒன்று இல்லாமல் வெறும் லூமென் என்றோ, எல்.இ.டி. லூமென் என்றோ போட்டிருந்தால் அது விளம்பரம் என்று கொள்க. அமெரிக்காவில் எப்சன் நிறுவனம் இப்படி மிகைப்படுத்தி விற்றவர்கள் மேல் நீதிமன்றத்துக்கே போயிற்று.

கடையில் நின்றபடியே சோதிக்க ஒரு வழி உண்டு. மெஷினின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் வாட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். நம் வீட்டு 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 900 லூமென் தருகிறது. 50 வாட்ஸ் இழுக்கும் சின்னப் பெட்டி, லென்ஸில் போகிற சேதாரமும் போக, பத்தாயிரம் லூமென் கொடுக்க வழியே இல்லை. சில நூறு கொடுத்தால் அதிகம். நல்ல கம்பெனியின் 3500 லூமென் விளக்கு மெஷின் ஏறக்குறைய 300 வாட்ஸ் இழுக்கும். விறகு வைக்காமல் சோறு வேகாது.

அடுத்த சொல் தெளிதிறன். கடைக்காரர் ரெசல்யூஷன் என்பார். படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பதே இது. இதிலும் இரண்டு கணக்கு ஓடுகிறது. ‘நேட்டிவ்’ என்றால் மெஷினுக்குள் உண்மையில் இருக்கும் புள்ளிகள். ‘சப்போர்ட்’ என்றால் வெளியிலிருந்து அனுப்பினால் வாங்கிக் கொள்ளும் அளவு. ‘1080 சப்போர்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, உள்ளே 800-க்கு 480 புள்ளி மட்டும் வைத்திருப்பார்கள். நாலு மூட்டை இறக்கினாலும் ஒரு மூட்டை மட்டும் கொள்ளும் அறை மாதிரி, மீதி எழுத்தெல்லாம் நசுங்கிப் போகும். சினிமாப் பாட்டு பார்க்க அது போதும். விலைப்பட்டியல், ஜி.எஸ்.டி. தளத்தின் பக்கங்கள், எக்செல் கணக்கு ஆகியவற்றைப் படிக்க நேட்டிவ் 1280-க்கு 800-ஆவது வேண்டும். 1920-க்கு 1080 இருந்தால் நலம்.

அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை ஆஸ்பெக்ட் ரேஷியோ என்கிறார்கள். பழைய 4:3 திரை தச்சர்கள் மூலைமட்டம் பார்க்கும் அதே 3, 4, 5 கணக்கு தான்: 6 அடி உயரம், 8 அடி அகலம், மூலைக்கு மூலை 10 அடி. அதைத்தான் 120 அங்குலத் திரை என்று விற்கிறார்கள். அங்குலக் கணக்கு எப்போதும் மூலைக்கு மூலை. அகலம் என்று நினைத்துச் சுவரை அளக்க வேண்டாம். இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 16:9 அல்லது 16:10. பழைய திரையில் மேலும் கீழும் கொஞ்சம் சும்மா கிடக்கும், குறையில்லை.

கான்ட்ராஸ்ட் என்ற எண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். முழு வெள்ளையைத் தனியே, முழுக் கறுப்பைத் தனியே அளந்து ‘இருபதாயிரத்துக்கு ஒன்று’ என்று எழுதுவார்கள். ஜன்னல் திறந்த மண்டபத்தில் அது என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

த்ரோ ரேஷியோ கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய சொல். மெஷின் நிற்கும் தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்து வருவது அது. 1.5 என்றால் 8 அடி அகலப் படத்துக்கு மெஷினை 12 அடி தள்ளி வைக்க வேண்டும். ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் ஷார்ட் த்ரோ. திரைக்குக் கிட்டத்தில் வைக்கலாம், விலை கூடுதல். நம் ஊர் மண்டபங்களில் இதற்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. பன்னிரண்டு அடி தள்ளிக் கூரையில் மாட்டினால் நடுவில் மின்விசிறி சுற்றும், இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டிக் காட்டும். மாட்டுகிறவர் இதைச் சொல்ல மாட்டார். நாம் தான் நாடா பிடித்துப் பார்க்க வேண்டும்.

மெஷினைத் தாழ்வாக வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே அகன்று கீழே குறுகும். கல் வளைவின் உச்சியில் பொருத்தும் ஆப்புக்கல்லின் வடிவம் அது. ஆகவே கீஸ்டோன் என்று பேர். பட்டனை அழுத்தினால் நேராகும் என்பார்கள். ஆகும், ஆனால் ஓரத்துப் புள்ளிகளைக் காவு கொடுத்துத் தான் ஆகும், எழுத்து மங்கும். மேஜையின் உயரத்தைச் சரி செய்வதே மேல்.

உள்ளே இருக்கும் முறைகள் இரண்டு. எல்.சி.டி. முறையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மூன்று தகடுகள் வழியாக வெளிச்சம் ஊடுருவி வரும். டி.எல்.பி. முறையில் லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் அசைந்து அசைந்து வெளிச்சத்தைத் திருப்பி விடும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-ல் கண்டுபிடித்த சில்லு அது. இரண்டும் நல்லவையே. சாதா டி.எல்.பி.யில் வண்ணச் சக்கரம் சுழல்வதால் வெள்ளை பளிச்சென்று இருந்து வண்ணம் சற்று மங்கலாம். படிக்கிற காரியத்துக்கு அது தடையில்லை.

விளக்கின் ஆயுள் தான் பின்னால் பணத்தைத் தின்னும் இடம். பாதரச விளக்கு வைத்த மெஷினில் 3000 முதல் 5000 மணி என்றும், லேசர் மெஷினில் 20,000 மணி என்றும் போட்டிருக்கும். அந்த மணிக்குப் பின் விளக்கு அணைந்து விடும் என்பதல்ல பொருள். வெளிச்சம் பாதியாகக் குறையும் என்பதே பொருள். வாடகை மெஷின் பலவற்றில் 3000 லூமென் என்று எழுதி இருந்தாலும் விளக்கு கிழண்டு போய் 1500 தான் வரும். மெனுவில் ‘லேம்ப் ஹவர்ஸ்’ என்று இருக்கும், பார்த்த பிறகு வாடகை பேசலாம். பாதரச விளக்கை அணைத்த பின்னும் விசிறி ஓடிச் சூடு இறங்க வேண்டும். கரண்ட் போனால் அது நடக்காது. யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டுவது விளக்குக்குக் கேடு.

வெளிச்சத்துக்கு இவ்வளவு பாடு என்பது புதிதல்ல. 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், தூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். மதுரையில் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யுடன் திறந்தது. அவ்வளவு பெரிய அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் முகம் தெரிய வைத்த காலத்தில் தியேட்டர்களில் வெளிச்சம் கரிக்குச்சியிலிருந்து வந்தது. இரண்டு கார்பன் குச்சிகளின் நடுவே மின்பொறி எரியும். குச்சி தேயத் தேய ஆபரேட்டர் நகர்த்திக் கொண்டே இருப்பார். இடைவேளையில் நம் மளிகைக்கடைகளின் ஸ்லைடு விளம்பரம் விழுந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரர் நம்மைத் திரும்பிப் பார்த்ததும் நம் வயதுக்காரர்களுக்கு மறக்காது. தங்கம் தியேட்டர் போய் அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்து விட்டது.

திரைக்கு வருவோம். ‘கெய்ன்’ என்ற எண் திரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் விதத்தைச் சொல்கிறது. 1 என்றால் எல்லாப் பக்கமும் சமமாக. 2 என்றால் நேர் எதிரே இருப்பவருக்கு இரட்டிப்பு. ஓரத்தில் இருப்பவருக்கு மங்கல். திரை வெளிச்சத்தை உற்பத்தி செய்வதில்லை, ஒருவர் பங்கை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது. அகன்ற மண்டபத்துக்கு 1-ஐ ஒட்டிய மட்டான வெள்ளைத் திரையே ஏற்றது. பளபளப்பில்லாத வெள்ளைச் சுவரும் அவசரத்துக்கு உதவும். எனாமல் பெயின்ட் அடித்த சுவர் நடுவில் கண்ணைக் கூசும். கடைசி வரிசை திரை உயரத்தைப் போல் ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 6 அடி உயரத் திரைக்கு 36 அடி. அதற்கும் பின்னால் நாற்காலி போட்டால் அது வந்திருந்தோர் எண்ணிக்கைக்குத் தான் உதவும்.

கடை முகப்பில் எழுத்து ஓடும் பலகை வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. பி10 என்றால் விளக்குப் புள்ளிகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர். பி5 என்றால் 5. எத்தனை மில்லிமீட்டரோ, ஏறக்குறைய அத்தனை மீட்டர் தள்ளி நின்றால் தான் எழுத்து ஒட்டித் தெரியும். நான்கு வழிச்சாலையில் போகிறவர் பார்க்க பி10 சரி. கல்லாவுக்குப் பின்னால் மாட்ட அது ஆகாது. இருபது பேர் உட்காரும் சின்ன அறைக்கு புரொஜக்டரே வேண்டாம், 65 அங்குல டி.வி. பட்டப்பகலிலும் தெரியும்.

சட்டப் பக்கமும் உண்டு. நாம் விற்கும் பாக்கெட்டில் நிகர எடை குறைந்தால் எடையளவு அதிகாரி வழக்குப் போடுவார். அதே நாம் வியாபாரத்துக்கென்று மெஷின் வாங்கி ஏமாந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பில்லிலேயே மாடல் எண், ஐ.எஸ்.ஓ. லூமென், நேட்டிவ் தெளிதிறன், விளக்குக்கு எத்தனை மாத உத்தரவாதம் ஆகிய நான்கையும் எழுதி வாங்கி வைத்துக் கொள்வது நலம். புரொஜக்டருக்கான வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதைக் கேளுங்கள். தொழிலுக்காக வாங்கி ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் பெற்றால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரவு கிடையாது.